சமாளிப்பு அண்ணா

மியூனிக், ஸ்டுட்கார்ட், பிராங்க்பர்ட் என்று ஜெர்மனியில் எந்த ஊர்ப் பொங்கல் விழாவுக்குப் போனாலும் சாப்பாட்டு வரிசையில் ஒரு சமாளிப்பு அண்ணா நிற்பார். வந்து பல வருடம் ஆகியிருக்கும். ஜெர்மன் வகுப்பு இருக்கும் திசையில் தலைவைத்துப் படுத்திருக்க மாட்டார்.

"எதுக்குத் தம்பி வகுப்பு? இங்கிலீஷும் ஜெர்மனும் அக்கா தங்கச்சி. ஹவுஸ்னா வீடு, ஃபிங்கர்னா விரல். காதுல விழுறதை இங்கிலீஷா நினைச்சுக்கோ, முடிஞ்சுது!"

அக்கா தங்கச்சி என்பது நிஜம்தான். ஒரே சாயல் உள்ள இடத்தில்தான் ஆள்மாறாட்டம் நடக்கும் என்பதை மட்டும் அண்ணா யோசிக்கவில்லை.

மேலதிகாரியின் பிறந்தநாளுக்கு மைசூர்பாகு டப்பாவை நீட்டி, "உங்களுக்கு ஒரு கிஃப்ட்" என்றார். ஜெர்மனில் கிஃப்ட் என்றால் விஷம். டப்பா திறக்கப்படவே இல்லை. மூடுபனிக் காலையில் பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் "என்ன அழகான மிஸ்ட்!" என்று பூரித்தார். பாட்டி குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டார். மிஸ்ட் என்றால் சாணி.

கணக்கிலும் அப்படித்தான். இங்கிலீஷ் பில்லியன் 100 கோடி. ஜெர்மன் பில்லியோன் 1 லட்சம் கோடி. ஜெர்மனியின் பொதுக்கடனை அண்ணா தமிழில் சொன்னால் ஆயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். நிதியமைச்சர் கேட்டால் கட்டிப்பிடித்துக்கொள்வார்.

உச்சம், புதிதாக வந்த ஒரு குடும்பத்துக்குப் பள்ளிக்கடிதம் படித்துச் சொன்னதுதான். "பையனை ஜிம்னாசியத்துக்கு அனுப்பச் சொல்றாங்க தம்பி. கொஞ்சம் சதை போட்டிருக்கான்ல?" அன்றிரவே வீட்டில் நெய் நிறுத்தம். பெரும்பாலான மாநிலங்களில் 4-ஆம் வகுப்போடு பிள்ளைகளை வெவ்வேறு பள்ளிகளுக்குப் பிரிப்பார்கள். அதில் பல்கலைக்கழகத்துக்கு நேர்வழி காட்டும் பள்ளிக்குத்தான் அந்தப் பெயர். தமிழ்ப் பெற்றோர் முருகனுக்கு நேர்ந்துகொண்டு காத்திருக்கும் சேதியைக் கேட்டுவிட்டுப் பையனைப் பட்டினி போட்டார்கள்.

ஜெர்மானியரும் சளைத்தவர்கள் இல்லை. கிடைப்பதற்கு அவர்கள் சொல் 'பெகோமன்'. அதை இங்கிலீஷ் 'பிகம்' என்று எண்ணி, காபி வேண்டும் என்பதற்குப் பதில் தாமே காபியாக மாறப்போவதாக ஓட்டலில் அறிவித்துவிடுவார்கள்.

ஜெர்மனிக்குக் கிளம்பும் தம்பி தங்கைகளே, சென்னையிலேயே கோத்தே நிறுவனம் மாக்ஸ் முல்லர் பவன் என்ற பெயரில் ஜெர்மன் சொல்லித் தருகிறது. போய்ச் சேருங்கள். அண்ணாவிடம் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: முருங்கைக்காய் எந்தக் கடையில் கிடைக்கும்? அதில் மட்டும் அவர் தவறுவதே இல்லை.