ஒன்பது தொக்கணமும் ஒரு ஜீப்பும்

போடிநாயக்கனூரிலிருந்து குரங்கணி வழியாகவும் போடிமெட்டு வழியாகவும் மலை ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் ஏதோ ஒரு வகையில் தட்டப்படுகிறார்கள், பிசையப்படுகிறார்கள், உலுக்கப்படுகிறார்கள் என்பது அறிஞர் உலகம் இதுவரை கவனியாத உண்மை. உடம்பு பிடித்துவிடுதலைப் பற்றி எழுதியோர் தாய்லாந்து, சுவீடன், கேரளம் என்று சுற்றிவிட்டு வீடு திரும்பிவிட்டனர். கேரளம் வரை வந்தவர்கள்கூட குரங்கணிக்கு மேலே இருக்கும் டாப் ஸ்டேஷனில் நின்று எட்டிப் பார்த்து, 'நல்ல வியூ' என்று படம் எடுத்துக்கொண்டு போனார்களே ஒழிய, அந்த வியூவுக்குள் சில ஊர்கள் இடுப்பு வலியோடு இருக்கின்றன என்பதைக் குறித்துக்கொள்ளவில்லை. அக்குறையை நீக்க எழுந்தது இவ்வாய்வு.

முதலில் முன்னோர் ஆய்வு. அது இல்லாவிட்டால் கட்டுரையை யாரும் மதிக்கமாட்டார்கள். ஸ்பா விலைப்பட்டியல்களில் முதலில் நிற்பது 'சுவீடிஷ்' முறை. சுவீடனின் பெர் ஹென்ரிக் லிங் (1776–1839) அதன் தந்தை என்பார்கள். தடவல், பிசைதல், தட்டல் என்று அதை வகைபிரித்துப் பிரெஞ்சுப் பெயர் சூட்டியவர் நெதர்லாந்து டாக்டர் யோஹான் மெட்ஸ்கர் என்று வரலாற்றை ஆராய்ந்தவர்கள் திருத்துகிறார்கள். டச்சுக்காரர் பிரெஞ்சில் வகுத்ததைச் சுவீடன் கணக்கில் எழுதி மூணாறில் விற்கிறோம், யாருக்கும் நஷ்டமில்லை. தாய்லாந்துக்காரர்கள் 2019இல் தங்கள் முறையை யுனெஸ்கோ பட்டியலில் ஏற்றிவிட்டார்கள். நம் பக்கத்து ஆள் ஒருவரும் உண்டு. பாட்னாவில் பிறந்த ஷேக் தீன் முகமது 1814இல் இங்கிலாந்தின் பிரைட்டன் கடற்கரையில் ஆவிக் குளியலும் பிடித்துவிடுதலும் சேர்ந்த கடையைத் திறந்து, நான்காம் ஜார்ஜ், நான்காம் வில்லியம் என்று இரண்டு மன்னர்களின் முதுகுவரை போய்ச் சேர்ந்தார். நாட்டை அவர்கள் பிடித்தார்கள், இவர் அவர்களைப் பிடித்துவிட்டார். கணக்கு நேர்.

இவர்களுக்கெல்லாம் முந்திய சித்த மருத்துவம், புற மருத்துவத்தை 32 ஆகக் கணக்கிட்டு, அவற்றுள் ஒன்றைத் தொக்கணம் என்று வைத்து, அதையும் ஒன்பதாகப் பகுத்தது: தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல். தேர்ந்த கை ஒன்று, நல்ல தைலம், சாய்ந்து படுக்க ஒரு பலகை, இவை இருந்தால்தான் ஒன்பதும் கைகூடும் என்பது இதுவரை நிலவிய கருத்து. அது தவறு. ஒரு ஜீப் போதும்.

நிரூபணம் வருமாறு. போடியிலிருந்து வரும் சாலை முந்தலில் பிரிகிறது. ஒன்று குரங்கணிக்கு, மற்றது 17 கொண்டை ஊசி வளைவுகளோடு போடிமெட்டுக்கு. விடிவதற்கு முன்பே ஏலத்தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு இந்த இரண்டாவது சாலையில் ஜீப்புகள் ஏறுகின்றன. ஐந்து பேர் உட்காரும் இடத்தில் ஒன்பதாவது ஆள் "கொஞ்சம் தள்ளி உக்காரு மதினி" என்று ஏறும்போது இறுக்கல் தொடங்குகிறது. சோத்துத் தூக்குவாளியை நெஞ்சோடு அணைத்திருப்பதால் கை இரண்டும் கட்டுண்டு கைகட்டல் நிறைவேறுகிறது. மடியில் இன்னொருவர் பை வந்து அமர்வது அழுத்தல். வளைவில் இடுப்புக்கு மேலே கேரளத்துக்கும் கீழே தமிழ்நாட்டுக்கும் போவது முறுக்கல். எதிரே லாரி வந்து டிரைவர் பிரேக் போட்டால் இழுத்தல். செங்குத்தில் மறுபடி கியர் மாற்றினால் மல்லாத்துதல். மேல்கம்பியைப் பிடித்தல் பயணியே செய்துகொள்வது. தட்டலுக்கும் அசைத்தலுக்கும் பூப்பாறை தாண்டித் தோட்டத்துக்குள் போகும் மண்பாதையே பொறுப்பு. ஒன்பதும் ஒரே நடையில், மாலையில் இன்னொரு நடையில். எண்ணெய் மட்டும் இல்லை. அதையும் சில ஜீப்புகளின் தரை தருகிறது.

இதே சிகிச்சை அருகில் கொழுக்குமலையில் கட்டணத்துக்குக் கிடைக்கிறது. அந்தத் தேயிலைத் தோட்டம் தேனி மாவட்டத்தில் இருந்தாலும், வண்டி போவதற்கு வழி கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்துதான். சூரிய உதயம் பார்க்கச் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருவோர் இருட்டிலேயே வாடகை ஜீப்பில் ஏறி, கல்லும் பள்ளமுமான பாதையில் குலுங்கிக் குலுங்கிப் போய், இறங்கியதும் "செம எக்ஸ்பீரியன்ஸ்" என்கிறார்கள். காசு கொடுத்துக் குலுங்கினால் சுற்றுலா, கூலிக்காகக் குலுங்கினால் போக்குவரத்து. குலுக்கலில் வேறுபாடு எதையும் இவ்வாய்வால் கண்டறிய முடியவில்லை.

ஒரு வரலாற்று இடைக்குறிப்பு. நூறு வருஷத்துக்கு முன் குரங்கணிச் சரிவில் குலுங்காமல் இறங்கிய ஜீவன் உண்டென்றால் அது தேயிலைப் பெட்டி. குண்டளைப் பள்ளத்தாக்கிலிருந்து 1902இல் ஒற்றைத் தண்டவாளத்திலும் 1908 முதல் சிறு ரயிலிலும் டாப் ஸ்டேஷனுக்கு வந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிப் பக்கம் இருந்த பாட்டம் ஸ்டேஷனில் இறங்கி, மாட்டுவண்டியில் போடிக்குப் போனது. 1924 வெள்ளம் அந்த ரயிலை அடித்துக்கொண்டு போனது. மனிதருக்கு அந்தக் கம்பிவடத்தில் இடம் ஒதுக்கவேண்டும் என்று அந்த நாளில் யாருக்கும் தோன்றியதாகத் தெரியவில்லை.

அந்தச் சரிவில் இப்போது மலையேற்றக்காரர்கள் நடந்து இறங்குகிறார்கள். ஏறும்போது மூச்சு வாங்கும், அவ்வளவுதான். தண்டனை இறக்கத்தில் இருக்கிறது. தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பின் பாரத்தைத் தாங்குவதால் இழைகளில் நுண்ணிய சேதம் உண்டாகி, மறுநாளும் அதற்கு மறுநாளும் வலி உச்சம் தொடும். ஊருக்குப் போய் மாடிப்படியில் பக்கவாட்டில் இறங்குகிறவரைப் பார்த்தால் குரங்கணி போய் வந்தவர் என்று துணிந்து சொல்லலாம். 'லாக்டிக் ஆசிட் தேங்கிவிட்டது, பிடித்துவிட்டால் ஓடிவிடும்' என்பார் ஜிம் மாஸ்டர். அந்த அமிலம் ஓய்ந்து உட்கார்ந்த ஒரு மணி நேரத்துக்குள் தானாகவே போய்விடுகிறது. பிடித்துவிட வருகிறவர் வெறும் வீட்டைத்தான் காலி செய்கிறார். ஆனாலும் பிடித்துவிட்டால் இந்த வலி ஓரளவு குறைகிறது என்பதற்குச் சான்று உண்டு.

இனி வீட்டு முறைகள். இவற்றுள் தலையாயது பேரன் மிதி. தாத்தா திண்ணையில் குப்புறப் படுத்துக்கொள்ள, பேரன் சுவரைப் பிடித்தபடி முதுகில் நடப்பது. மலைக்கு அந்தப் பக்கம் களரிக்காரர்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு காலால் உழிவதற்குப் பல வருஷப் பயிற்சி வேண்டும். இங்கே பயிற்சி தேவையில்லை, விளையாடப் போகாத பேரன் தேவை. "இங்கிட்டு மிதிடா... ஆங்... அங்கிட்டு இல்ல, எலும்புல மிதிக்காத... அங்கதான், நில்லு" என்ற வழிகாட்டலே இதன் சாஸ்திரம் முழுவதும். மருந்தின் அளவு பேரனின் வயதைப் பொறுத்தது: பால்வாடிப் பருவத்தில் கூச்சம் மட்டுமே மிச்சம், ஒன்றாம் வகுப்பில் சரியான எடை, நான்காம் வகுப்புக்கு மேல் அபாயம். எலும்பு தேய்ந்த வயதில் முதுகில் யாரையும் ஏற்றுவது நல்லதல்ல என்று டாக்டர்கள் சொல்வது சரிதான். தாத்தாக்கள் அதைக் கேட்டுக்கொண்டு, அடுத்த பேரன் வளரக் காத்திருக்கிறார்கள்.

முடிதிருத்தும் கடையில் வெட்டு முடிந்ததும் இலவசமாகக் கிடைப்பது தலைத் தட்டும் கழுத்துச் சொடுக்கும். சொடுக்கு விரலில் என்றால் பயம் வேண்டாம். கலிபோர்னியாவின் டொனால்ட் அங்கர் என்ற டாக்டர் 60 வருஷம் இடக்கை விரல்களை மட்டும் தினமும் சொடுக்கி, வலக்கையை ஒப்பீட்டுக்கு விட்டுவைத்து, இரண்டிலும் மூட்டுவாதம் இல்லை என்று காட்டி, 2009இல் இக் நோபல் வாங்கினார். நம் அப்பத்தாக்கள் பேரப்பிள்ளைக்குத் திருஷ்டி கழித்து நெற்றிப்பொட்டில் முறித்த நெட்டிகளுக்கு யாரும் ஒரு சான்றிதழ்கூடத் தரவில்லை. கழுத்து வேறு கதை. வெடுக்கென்று திருப்பியதில் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்த நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. தலையைத் தட்டட்டும்; கழுத்தில் கை வைத்தால் "அண்ணே, அது வேணாம்" என்று சொல்லிவிடுவது உத்தமம். இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் ஆய்வாளர் சிரிக்காமல் எழுதுகிறார்.

கழுத்துச் சுளுக்குக்கு ஊர் கண்ட மாற்று, நோயாளியைத் தொடுவதே இல்லை: தலையணையை வெயிலில் போடுவது. நோயாளி வீட்டுக்குள் பக்கத்தைப் பார்த்தபடி காபி குடிக்க, தலையணை வாசலில் சிகிச்சை பெறும். மூன்றாம் நாள் கழுத்து திரும்பிவிடும். ஐப்பசி அடைமழையில் வெயிலே இல்லாமல் தலையணை அடுப்படியில் கிடந்தாலும் மூன்றாம் நாள் கழுத்து திரும்பிவிடுகிறது. அப்போது பெருமை அடுப்புக்குப் போகிறது. பிடித்துவிடுதல் பற்றிய ஆய்வுகளின் பெருஞ்சிக்கலும் இதுவே. பெரும்பாலான இடுப்பு வலி சில வாரத்தில் தானாகக் குறைவதால், குறைத்தது கையா, காலமா என்று பிரிப்பது கஷ்டம். முதுகுவலிக்குக் கொஞ்ச நாள் நிவாரணம் தரும், சான்று வலுவானதல்ல என்பதோடு கவனமான தொகுப்பாய்வுகள் நிறுத்திக்கொள்கின்றன. காய்ச்சல், எலும்பு முறிவு, காலில் ரத்தக்கட்டு இருந்தால் பிடித்துவிடவே கூடாது.

இனி இந்தச் சரிவின் முக்கிய நோயாளி. ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை. தூரில், மண்ணை ஒட்டிப் படரும் சரத்தில் காய்க்கிறது. ஆளை விட உயர்ந்த செடி, காய் கணுக்கால் மட்டத்தில். பழைய ஆண் சட்டையைச் சேலைமேல் மாட்டிக்கொண்டு, பகல் முழுக்கக் குனிந்தும் குந்தியும் பழுத்ததைப் பார்த்துக் காய் எடுத்தவர், மாலை ஜீப்பில் ஒன்பது தொக்கணமும் மறுபடி பெற்று வீடு சேர்கிறார். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு தேங்காய் எண்ணெயில் கற்பூரம் போட்டுச் சூடு பண்ணியதோ, அமிர்தாஞ்சனோ எடுத்துக்கொண்டு மகள் பின்னால் உட்காருகிறாள். அமிர்தாஞ்சனில் உள்ள மென்தால், தோலில் குளிர்ச்சியை அறியும் நரம்பு முனைகளைத் தூண்டுகிறது. தொடுதல் செய்தி முந்திக்கொண்டு போய் முதுகுத்தண்டில் வலிச் செய்திக்குக் கதவைச் சாத்துகிறது என்று 1965இல் மெல்ஸாக், வால் என்ற இரண்டு ஆய்வாளர்கள் விளக்கினார்கள். கதவு எந்த அளவு சாத்தப்படும் என்பது டிவி சீரியலைப் பொறுத்தது: கதாநாயகி அழுதால் கை நின்றுவிடும், மாமியார் பேசினால் அழுத்தம் கூடும், விளம்பரத்தில்தான் சீரான சிகிச்சை.

கட்டணம் பற்றிய விவரம் இத்துறையில் அரிது என்பதால் அதை அப்படியே பதிவு செய்கிறோம்.

"அம்மா, நெட்டு தீந்துபோச்சு. ரீசார்ஜ் பண்ணணும்."

"இடுப்புல இன்னும் செத்த நேரம் தேயி, பாப்பம்."

"தேச்சா பண்ணுவியா?"

"சம்பளம் சனிக்கிழமைதான்டி. அதுவரைக்கும் தேயி."