சான்றிதழ் இல்லாத பார்க்கிங்

யோகோஹாமா, ஜனவரி.

ஜப்பானில் கார் வாங்கப் பணம் மட்டும் இருந்தால் போதாது. வண்டியை நிறுத்த இடம் இருக்கிறது என்று போலீஸ் ஸ்டேஷனில் சான்றிதழ் வாங்க வேண்டும். அந்த இடம் வீட்டிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். படம் வரைந்து நீள அகலம் குறித்துக் கொடுக்க வேண்டும். கும்பகோணத்தில் கோயில் மதிலோரம் ஸ்கூட்டரைச் சாய்த்துவிட்டுப் போய்ப் பழகிய ஓர் என்ஜினீயர், இத்தனையும் செய்து ஒரு கறுப்பு காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். மறுநாள் காலையில் பானெட்டின் மேல் ஒரு பூனை படுத்திருந்தது. அதனிடம் யாரும் சான்றிதழ் கேட்கவில்லை.

பூனையைக் குறை சொல்லிப் பயனில்லை. அதன் உடம்புக்கு இதமான வெப்பம் ஏறக்குறைய 30 முதல் 38 டிகிரி. யோகோஹாமாவில் ஜனவரி ராத்திரி 2, 3 டிகிரிக்கு இறங்கிவிடும். அந்த நேரத்தில் ஆபீஸிலிருந்து வந்து நிற்கும் காரின் பானெட் அதற்கு ஹீட்டர் வைத்த கட்டில். வீட்டுக்கு வீடு மதில் வேறு. மதில் மேல் பூனை எந்தப் பக்கம் குதிக்கும் என்பதில் இங்கே யாருக்கும் சந்தேகமே கிடையாது: கார் நிற்கிற பக்கம்.

படுத்துவிட்டு எழுந்து போனால் பரவாயில்லை. ஈர மண்ணை மிதித்த கால் முன் கண்ணாடி வரை பூப்பூவாகத் தடம் வைத்துக்கொண்டு ஏறும். அந்தத் தடத்தில் ஒட்டியிருக்கும் மணலைத் உலர்ந்த துணியால் துடைத்தால், பூனை போடாத கீறலை நாமே போட்டுவிடுவோம். இறங்கும்போது வழுக்கினால் நகம் இழுத்த கோடு, பெயின்ட்டில் அப்படியே நிற்கும்.

விஷயம் போனில் கும்பகோணம் போனது.

“ஏண்டா, வெளக்கமாத்த எடுத்து ரெண்டு போடு போட்டா ஓடாதா?”

“சும்மா இரும்மா! இங்க பூனைய அடிச்சா என்னைத்தான் உள்ள வெப்பாங்க.”

மகன் மிகைப்படுத்தவில்லை. ஜப்பானின் விலங்கு நலச் சட்டத்தை 2019-இல் திருத்தி, 2020 ஜூனிலிருந்து நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். பூனையைக் கொன்றாலோ காயப்படுத்தினாலோ 5 ஆண்டு வரை சிறை, அல்லது 50 லட்சம் யென் வரை அபராதம். “சரி, டயரச் சுத்தி நாலு பாச்சை உருண்டையாவது போட்டு வை” என்றார் அம்மா. பாச்சை உருண்டையில் இருக்கும் நாப்தலீன் பூனைக்கு விஷம். அந்த யோசனையும் அதே சட்டத்தின் வாசலில்தான் போய் நிற்கும்.

ஊரார் கையாளும் வைத்தியம் வேறு. யோகோஹாமாவின் பழைய குடியிருப்புச் சந்துகளில் நடந்தால், மதிலடியில் 2 லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில்கள் தண்ணீர் நிரப்பி வரிசையாக நிற்பதைப் பார்க்கலாம். புதிதாக வந்த நம்மவர்கள் குடிதண்ணீர்ப் பஞ்சமோ என்று பதறிப்போவார்கள். வெயில் பட்டுத் தண்ணீர் பளிச்சிட்டால் பூனை மிரளும் என்பது நம்பிக்கை. பூனை முதல் நாள் பார்க்கும், இரண்டாம் நாள் அதன் மேலேயே உரசிக்கொண்டு போகும். ஆனால் பாட்டில் லென்ஸ் போல வெயிலைக் குவித்துத் தீப்பிடிக்க வைக்கலாம் என்று டோக்கியோ தீயணைப்புத் துறை எச்சரிக்கிறது. குளிர்காலத்தில் வெயில் சாய்வாக விழுவதால் ஆபத்து அப்போதும் உண்டு. பூனையை விரட்டப் போய் வீட்டைக் கொளுத்திக்கொள்வானேன்?

அடுத்தது 100 யென் கடை. வரியோடு 110 யென் கொடுத்தால் முள்முள்ளாக நிற்கும் பிளாஸ்டிக் விரிப்பு கிடைக்கும். முள் குத்தாது, மிதிக்க மட்டும் பிடிக்காது. தரையில் விரித்தால் பூனை தாண்டிக் குதிக்கும். பானெட்டில் வைத்தால் அந்த முள்ளே பெயின்ட்டை உரசும். மரக்கரி சுடும்போது வரும் புகையைக் குளிர்வித்து எடுத்த நீர் ஒன்றும் பாட்டிலில் விற்கிறார்கள். அதைத் தெளித்தால் பூனை மூக்கைச் சுளிக்கும், அக்கம்பக்கமும் சுளிக்கும். ஒரு மழை பெய்தால் வாசனை போய்விடும், பூனை வந்துவிடும்.

வசதியுள்ளவர்கள் அல்ட்ராசானிக் கருவி வைக்கிறார்கள். மனிதக் காது 20 கிலோஹெர்ட்ஸ் வரை கேட்டால், பூனைக் காது அதற்கு மூன்று மடங்குக்கு மேல் கேட்கும். இது வெறும் வியாபாரப் பேச்சில்லை. பிரிட்டனின் பறவைப் பாதுகாப்புச் சங்க ஆய்வாளர்கள் தோட்டங்களில் இதைச் சோதித்து 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு சோதனையில் பூனை வருகை சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. இன்னொன்றில் வருகை குறையவில்லை, தங்கும் நேரம்தான் குறைந்தது. அதாவது விருந்தாளி வருவார், சாப்பிடாமல் போவார்.

நம் என்ஜினீயர் பூனையைக் கிட்டத்தில் பார்த்தபோது அதன் வலது காது நுனி, செர்ரிப் பூவிதழ் போல V வடிவத்தில் வெட்டியிருந்தது. கருத்தடை ஆன பூனை என்பதற்கு அது அடையாளம். பெரும்பாலும் ஆணுக்கு வலது காது, பெண்ணுக்கு இடது. தெருப் பூனைகளைப் பிடித்துக் கருத்தடை செய்து, நேரத்துக்குச் சோறு வைத்து, கழிவை அள்ளி, தெருவாரே பொறுப்பேற்கும் ஏற்பாடு 1990-களில் இதே யோகோஹாமாவின் இசோகோ வட்டாரத்தில்தான் தொடங்கியது. ஆக, பானெட்டில் படுத்திருப்பவர் நாதியற்றவர் இல்லை. கேட்க ஆள் இருக்கிறது, அதுவும் நாலு வீடு தள்ளியே.

பூனை மேலே படுத்தால் காருக்குச் சேதம், உள்ளே புகுந்தால் பூனைக்கு. குளிருக்கு அடிவழியாக ஏறி என்ஜினுக்குப் பக்கத்தில் சுருண்டுவிடும். தெரியாமல் ஸ்டார்ட் செய்தால் ஃபேன் பெல்ட்டில் சிக்கிவிடும். யோகோஹாமாவில் தலைமையகம் வைத்திருக்கும் நிசான், 2015-இல் இதற்கென்றே ஓர் இயக்கம் நடத்தியது. ‘நேக்கோ பன்பன்’ என்று பெயர். நேக்கோ பூனை, பன்பன் தட்டும் சத்தம். கிளப்புமுன் பானெட்டைத் தட்டுங்கள் என்று நினைவூட்ட, காரில் ஒட்டும் காந்தத் தகடும் கொடுத்தார்கள். இப்போது கோட்டும் டையுமாக நம் என்ஜினீயர் தினம் காலையில் தன் காரையே தட்டி எழுப்புகிறார். பதில் வருகிறதா என்று காது கொடுத்தும் கேட்கிறார்.

கடைசியில் கைகொடுத்தது உடம்பு முழுக்க மூடும் தடித்த கார் உறைதான். பூனை உறையின் மேல் படுத்தாலும் பெயின்ட் தப்பிக்கும். ஆனால் என்ஜின் ஆறிய பிறகே போர்த்த வேண்டும் என்று உறையோடு வந்த தாளில் அச்சிட்டிருக்கிறது. சூட்டோடு போர்த்தினால் துணி பொசுங்கிவிடும். பூனை அந்தத் தாளைப் படித்திருக்க வேண்டும். ராத்திரி என்ஜினை அணைத்துவிட்டு அவர் சாப்பிடப் போகிறார்; அவர் உறையோடு திரும்பி வருவதற்குள் அது தன் தூக்கத்தின் முதல் தவணையை முடித்துவிடுகிறது. நாலு வீடு தள்ளியிருக்கும் அம்மாள், பழைய போர்வை வைத்த ஒரு தெர்மாகோல் பெட்டியை மதிலோரம் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறார். அதை வைக்கச் சான்றிதழ் வேண்டுமா என்று நம் என்ஜினீயர் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.