பாஸ் பக்கம் காதை வையுங்கள்

கேள்வி: பரோக் இசை கேட்க ஆசை. ஆனால் எல்லா வாத்தியமும் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. எதைப் பிடித்துக்கொண்டு கேட்பது? (கும்பகோணம்)

பதில்: அடியில் ஓடுவதைப் பிடியுங்கள். மேலே வயலின் பறப்பதைக் காது தானாகவே கவனித்துக்கொள்ளும், அதற்கு உங்கள் உதவி தேவையில்லை. கீழே செல்லோவும் ஹார்ப்சிகார்டும் சேர்ந்து ஒரு வரியை விடாமல் இழுத்துக்கொண்டு போகின்றனவே, அதுதான் பாஸோ கன்டினுவோ. 1600 வாக்கில் இத்தாலியில் கிளம்பி, ஏறத்தாழ 150 ஆண்டுகள் ஐரோப்பிய இசையை ஆண்டது. ஹார்ப்சிகார்ட்காரரின் தாளிலும் செல்லோக்காரரின் அதே ஒற்றை வரிதான் இருக்கும். கூடவே ஸ்வரங்களை ஒட்டி 6, 7, 4 என்று எண்கள். அவற்றைப் பார்த்து, வலது கையால் எதை எப்படிச் சேர்ப்பது என்று அந்த நொடியிலேயே அவர் முடிவு செய்ய வேண்டும். கணக்குக்குப் பயந்து இசைக்கு ஓடியவர்களுக்கு அங்கே இடமில்லை! பாதியை எழுதிவிட்டு மீதியை வாசிப்பவரின் ஞானத்திடம் ஒப்படைத்தார்கள். பரோக்கில் என்னை முதலில் கவர்ந்தது இந்த நம்பிக்கைதான். ஒரே படைப்பின் ஐந்து ஒலிப்பதிவுகள் ஐந்து விதமாக ஒலிப்பதற்கு இது முக்கியக் காரணம்.

கேள்வி: ஹார்ப்சிகார்டை எவ்வளவு ஓங்கி அடித்தாலும் சத்தம் கூடாதாமே? (ஈரோடு)

பதில்: கூடாது. கட்டையை அழுத்தினால், உள்ளே பறவை இறகின் முனை ஒன்று தந்தியைச் சுண்டிவிடும். விரலின் கோபம் இறகுக்குத் தெரியாது. சத்தத்தைக் கூட்ட முடியாதவர்கள் ஸ்வரங்களைக் கூட்டினார்கள். அத்தனை கமகங்களும் நடுக்கங்களும் அந்த வாத்தியத்தில் குவிந்ததற்கு இதுவும் ஒரு காரணம். இறகுக்குப் பதில் சுத்தியல் வைத்து, ஃபிளாரன்ஸில் கிறிஸ்டோஃபோரி 1700 வாக்கில் செய்த கருவிதான் பியானோவுக்கு மூதாதை.

கேள்வி: ஃபியூக், ஃபியூக் என்கிறார்களே, அது என்ன ராகமா, தாளமா? (யாழ்ப்பாணம்)

பதில்: இரண்டும் இல்லை, ஒரு மெட்டை வளர்க்கும் முறை. முதலில் ஒரு குரல் தனியாக ஒரு மெட்டைச் சொல்லும். முடித்ததும் இரண்டாவது குரல் அதே மெட்டை, ஸட்ஜத்துக்கும் பஞ்சமத்துக்கும் உள்ள தூரம் தள்ளி எடுக்கும். முதல் குரல் அதோடு ஓய்ந்துவிடாது, பொருத்தமான எதிர்மெட்டு ஒன்றைத் தொடரும். பிறகு மூன்றாவது, நான்காவது. கல்யாண வீட்டில் நாலு அத்தைகள் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள், நாலு பேர் பேச்சும் தெளிவாகக் காதில் விழுகிறது என்றால் எப்படி இருக்கும்? அந்த அதிசயம்தான் ஃபியூக். சூடு ஏற ஏற, ஒருவர் முடிப்பதற்குள்ளேயே அடுத்தவர் அதே மெட்டோடு நுழைவார். அந்த நெருக்கடிக்கு ஸ்ட்ரெட்டோ என்று பெயர். மெட்டு கடைசியில் பாஸில் இறங்கும்போது நாற்காலி அதிர்வதுபோல இருக்கும், காத்திருந்து கேளுங்கள்.

இதில் பாக்கை மிஞ்ச ஆளில்லை. 1747 மே மாதம் பாட்ஸ்டாம் அரண்மனைக்குப் போனார். மன்னர் இரண்டாம் ஃபிரெடரிக் புல்லாங்குழல் வித்வான். பாக்கின் மகன் கார்ல் ஃபிலிப் அங்கே அரசவைக் கலைஞர். மன்னர் ஒரு நீண்ட, வளைந்து நெளிந்த மெட்டைக் கொடுக்க, பாக் அங்கேயே உட்கார்ந்து மூன்று குரல் ஃபியூக் வாசித்தார். ஆறு குரலில் முடியுமா என்றார் மன்னர். எல்லா மெட்டும் அதற்கு இடம் தராது என்பதால் தன் மெட்டு ஒன்றை எடுத்து ஆறு குரலில் வாசித்துக் காட்டினார் பாக். ஆனால் மன்னரின் மெட்டை விட்டுவிட மனமில்லை. லைப்சிக் திரும்பி, அதே மெட்டில் ஆறு குரல் ஃபியூக் எழுதி, இன்னும் பல துண்டுகளோடு சேர்த்து அச்சிட்டு மன்னருக்கே சமர்ப்பித்தார். ‘மியூசிக்கல் ஆஃபரிங்’ பிறந்த கதை இது. அப்போது அவருக்கு வயது 62.

கேள்வி: விவால்டி ஒரே கான்செர்ட்டோவை ஐந்நூறு தடவை எழுதினார் என்று என் நண்பர் கிண்டல் செய்கிறார். (மதுரை)

பதில்: எண்ணிக்கை ஏறக்குறைய சரி, மற்றது அநியாயம். வடிவம் ஒன்றுதான்: ஆர்கெஸ்ட்ரா ஒரு பகுதியை முழங்கும், தனி வாத்தியம் பிரிந்து சென்று சாகசம் செய்யும், ஆர்கெஸ்ட்ரா பழைய பகுதியின் ஒரு துண்டோடு திரும்பி வரும். திரும்பி வரும் இந்தப் பகுதியை ரிட்டர்னெல்லோ என்பார்கள். இந்தச் சட்டகத்துக்குள் புயல், நாய்க் குரைப்பு, பனியில் சறுக்கி விழுவது வரை கொண்டுவந்தவர் விவால்டி. 1725இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சான ‘நான்கு பருவங்க’ளில் எல்லாம் இருக்கிறது.

நண்பரிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். விவால்டி செந்நிறத் தலைமுடி கொண்ட பாதிரியார். 1703 முதல், நடுவில் சில இடைவெளிகளோடு, வெனிஸில் கைவிடப்பட்ட குழந்தைகளுக்கான பியெத்தா இல்லத்துக்காக உழைத்தார். அங்கே வளர்ந்த பெண்கள் தேவாலய மாடத்தில் கம்பித் தடுப்புக்குப் பின்னால் இருந்து வாசித்ததைக் கேட்க வெளிநாட்டுப் பயணிகள் வந்தார்கள். குடும்பப் பெயர் இல்லாத அந்தப் பெண்களுக்கு வாத்தியமே குடும்பப் பெயர்: வயலின் அன்னா மரியா என்றால் ஊருக்கே தெரியும். 1723இல் நிர்வாகிகள் போட்ட ஏற்பாட்டின்படி மாதம் இரண்டு கான்செர்ட்டோ தர வேண்டும், வெளியூரில் இருந்தால் தபாலில் அனுப்ப வேண்டும். மாணவிகளின் கைத்திறமை அந்தத் தாள்களில் அப்படியே தெரிகிறது. வைமாரில் இருந்த பாக், விவால்டியின் கான்செர்ட்டோக்களை விசைப்பலகைக்கு மாற்றி எழுதித்தான் அந்தக் கலையைப் பயின்றார். நண்பரை பாக்கோடு வாதாடச் சொல்லுங்கள்.

கேள்வி: லைப்சிக் தேவாலய இசைப் பொறுப்புக்கு பாக் முதல் தேர்வு இல்லையாமே? (கோவை)

பதில்: இல்லை. நகரசபை விரும்பியது டெலமானை. அவர் அந்த அழைப்பைக் காட்டி ஹாம்பர்க்கில் சம்பளத்தை உயர்த்திக்கொண்டார். அடுத்தவர் கிராப்னர், அவரை எஜமானர் விடவில்லை. சிறந்தவர் கிடைக்காததால் நடுத்தரமானவரை எடுக்க வேண்டியதுதான் என்று சபையில் ஒருவர் பேசியது பதிவாகியிருக்கிறது. அந்த ‘நடுத்தரமானவர்’ 1723 மே மாதம் வந்து, முதல் சில ஆண்டுகள் ஏறக்குறைய வாரம் ஒரு கன்டாட்டா எழுதினார். எழுதி, பிரதி எடுக்கவைத்து, பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து, ஞாயிற்றுக்கிழமை பாடவைக்க வேண்டும். சுமார் 200 கன்டாட்டாக்கள் இன்று மிஞ்சியிருக்கின்றன. நினைத்தால் மலைப்பாக இருக்கிறது.

கேள்வி: பாக்கும் ஹாண்டலும் நண்பர்களா? (சேலம்)

பதில்: இருவரும் 1685இல் ஜெர்மனியில் பிறந்தவர்கள், ஒருமுறைகூடச் சந்தித்ததில்லை. 1719இல் ஹாண்டல் ஹாலே வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு பாக் போனபோது அவர் கிளம்பிவிட்டார். எனக்கே பாக்குக்காக வருத்தமாக இருக்கிறது.

கேள்வி: கச்சேரிக்கு வாளோடு வரக் கூடாது என்று அறிவித்தது உண்மையா? (திருச்சி)

பதில்: உண்மை. டப்ளின், 1742 ஏப்ரல் 13, ஹாண்டலின் ‘மெஸையா’ முதல் அரங்கேற்றம். ஆண்கள் வாளை வீட்டில் வையுங்கள், பெண்கள் பாவாடைக்குள் வளையம் கட்டாமல் வாருங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள், இன்னும் நிறையப் பேர் உட்காரலாம் என்பதற்காக. வசூலில் ஒரு பங்கு கடன் சிறைக்குப் போனது. 142 கைதிகள் விடுதலை ஆனார்கள்.

கேள்வி: அழவைக்கும் பரோக் பாட்டு ஒன்று சொல்லுங்கள். (பெங்களூர்)

பதில்: பர்செல் எழுதிய ‘டைடோ அண்ட் ஈனியஸ்’ ஓபராவின் முடிவில் ராணி டைடோ சாகும் முன் பாடுவது. பாஸ் அரை ஸ்வரம் அரை ஸ்வரமாகப் படியிறங்கும். ஐந்து தாள அளவை முடிந்ததும் மறுபடி மேலிருந்து அதே இறக்கம். மேலே ராணியின் குரல் அந்தக் கட்டத்துக்குள் அடங்காது. பாஸ் முடியும் இடத்தில் அவள் நிறுத்த மாட்டாள், பாஸ் தொடங்கும் இடத்தில் மூச்சு விட மாட்டாள். விதி தன் போக்கில் போக, மனம் வேறு போக்கில் இழுக்கிறது.

கேள்வி: பாஸ், பாஸ் என்கிறீர்கள். இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்?’ வழியாக பாக்குக்கு வந்தவன் நான். தனி வயலினில் பாஸ் எங்கே இருக்கிறது? (சென்னை)

பதில்: நல்ல வாசல் வழியாக வந்திருக்கிறீர்கள்! 1986இல் வந்த அந்த ஆல்பம் தியாகராஜருக்கும் பாக்குக்கும் சமர்ப்பணம். ‘ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்’ பகுதியில் வருவது பாக்கின் தனி வயலினுக்கான மூன்றாவது பார்ட்டிட்டாவின் முதல் பகுதி. அதே தொகுப்பில், 1720 தேதியிட்ட கையெழுத்துப் பிரதியில், டி மைனர் பார்ட்டிட்டா இருக்கிறது. அதன் கடைசிப் பகுதியான ஷக்கோனைக் கேளுங்கள். கால் மணி நேரம், ஒரே ஒரு வயலின். நான்கு அளவைக்கு ஒருமுறை அதே இறக்கம் திரும்பி வருகிறது, ஒவ்வொரு தடவையும் புது வேடத்தில். பாஸை வாசிக்கவும் அந்த ஒரே வில்தான். அடித்தந்தியைத் தொட்டுவிட்டு மேலே ஓடிவிடும், அந்த அடி ஸ்வரம் நம் காதுக்குள் நீடித்துக்கொண்டிருக்கும். பாதி வழியைத் தாண்டியதும் மைனர் மேஜராக மாறும் இடம் வரும். இரண்டாம் தடவை கேட்கும்போது அங்கிருந்து பாஸை மட்டும் பின்தொடர்ந்து பார்த்துவிட்டு எழுதுங்கள்.