எரிக்க வேண்டாம், எழுதுங்கள்

(இந்த வாரம் எல்லாக் கேள்விகளும் பட்டினப்பாக்கம் வாசகர் ஒருவருடையவை. ஒரே உறையில் ஆறு. மற்றவர்கள் ஒரு வாரம் பொறுத்தருள்க.)

கே: விண்டோஸிலிருந்து உபுண்டுவுக்கு மாறிப் பத்து நாள் ஆகிறது. சிடி எரிக்க நல்ல மென்பொருள் எது?

ப: எரிக்கத் தெரிந்தவள் உங்கள் வீட்டுக்கு வடக்கே, மெரினாவில் கையில் சிலம்போடு நிற்கிறாள். நமக்கு எழுதினால் போதும். "ரைட் பண்ணிக் குடுங்க" என்று கடையில் கேட்ட தலைமுறை சரியாகத்தான் சொன்னது. மென்பொருள் மையத்தில் 'கே3பி' என்று தேடி நிறுவுங்கள். மூன்று 'பி'யும் 'பர்ன், பேபி, பர்ன்' என்பதன் சுருக்கம். இன்னும் எளிதாக வேண்டுமென்றால் பிரசெரோ. உபுண்டுவே ஒரு காலத்தில் அதைச் சேர்த்தே கொடுத்தது. பிரசெரோ என்றால் ஸ்பானிஷில் கும்பட்டி. எரிக்கும் ஆசை யாரையும் விடவில்லை!

கே: கே3பி-யைத் திறந்ததும் 'சிடிரெக்கார்ட் இல்லை' என்று மிரட்டுகிறதே?

ப: கே3பி கல்யாணக் காண்ட்ராக்டர் மாதிரி. வெற்றிலை பாக்கோடு வாசலில் நிற்பது அவர். சமையல் வேறு ஆள். இங்கே சமையல்காரர் பெயர் சிடிரெக்கார்ட். அதை எழுதியவருக்கும் உபுண்டுவுக்கு மூலமான டெபியன்காரர்களுக்கும் 2006-ல் லைசென்ஸ் தகராறு முற்றி, இவர்கள் 'வோடிம்' என்று தனி அடுப்பு மூட்டினார்கள். பங்காளிச் சண்டையில் நாம் தலையிட வேண்டாம். 'வோடிம்' என்ற பொதியை நிறுவிவிட்டு கே3பி-யை மூடித் திறங்கள். அப்போதும் ரைட்டரே கண்ணில் படவில்லை என்றால், உங்கள் பயனர் பெயரை 'சிடிராம்' குழுவில் சேர்த்து, ஒருமுறை வெளியேறி உள்ளே வாருங்கள். வெளியே செருகும் யுஎஸ்பி ரைட்டரா? முதலில் முன்பக்கத் துளையிலிருந்து பிடுங்கிப் பின்பக்கத்தில் செருகிப் பாருங்கள். பாதி நோய் மின்சாரப் பசிதான்.

கே: அப்பாவின் பழைய காருக்கு 140 பாட்டு எழுதிக் கொடுத்தேன். ஒன்றுகூடப் பாடவில்லை. வீட்டில் மானம் போயிற்று.

ப: நீங்கள் எழுதியது டேட்டா சிடி. எம்பி3 என்றால் என்னவென்றே அந்தப் பிளேயருக்குத் தெரியாது. ஆடியோ சிடி மட்டும்தான் புரியும். கே3பி-யில் 'புதிய ஆடியோ சிடி' என்று தொடங்கிப் பாட்டுகளை இழுத்துப் போடுங்கள். எம்பி3-ஐ ஏற்க மறுத்தால் கே3பி-யின் 'எக்ஸ்ட்ரா கோடெக்ஸ்' பொதியையும் நிறுவ வேண்டும். ஒரு தட்டில் 80 நிமிடம்தான் கொள்ளும். ஐந்து நிமிடப் பாட்டென்றால் 16. எந்தப் பதினாறு என்பதை அப்பாவே முடிவு செய்யட்டும். அந்த வம்புக்கு எந்த மென்பொருளும் கிடையாது. வேகத்தைக் குறைத்து வையுங்கள். 52 மடங்கு வேகத்தில் எழுதிவிட்டு அடையாறு சிக்னலில் அது திக்கினால் பழி லினக்ஸ் மேல் விழும்.

கே: நண்பனுக்கு உபுண்டு ஐஎஸ்ஓ-வை டிவிடியில் எழுதிக் கொடுத்தேன். பூட் ஆகவில்லை என்கிறான்.

ப: பார்சல் சாப்பாட்டைப் பிரிக்காமல் பொட்டலத்தோடு இலையில் வைத்திருக்கிறீர்கள். ஐஎஸ்ஓ என்பது முழுத் தட்டின் அச்சு. அதை ஒரு ஃபைலாக டேட்டா டிவிடிக்குள் போட்டால் கணினிக்குப் பொட்டலம்தான் தெரியும். 'இமேஜை எழுது' என்ற தேர்வு தனியாக இருக்கிறது, அதில் கொடுங்கள். 'எழுதியதைச் சரிபார்' என்ற கட்டத்திலும் டிக் போடுங்கள். முதலில் ஐஎஸ்ஓ-வின் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள்: உறையில் 4.7 ஜிபி என்று போட்டிருக்கும் டிவிடி, 1024-ஆல் கணக்குப் போட்டால் 4.38-தான். இப்போதைய உபுண்டு அதற்குள் அடங்காது, பென்டிரைவ்தான் வழி. 2011 வரை உபுண்டுக்காரர்களே கேட்டவர்களுக்கெல்லாம் சிடியை இலவசமாகத் தபாலில் அனுப்பினார்கள். வெளிநாட்டு உறையைத் தபால்காரர் நீட்டியபோது தெருவில் எனக்கு ஏறிய மதிப்பு, பிறகு எந்த வேலையிலும் ஏறவில்லை.

கே: சிடி-ஆர், சிடி-ஆர்டபிள்யூ. என்ன வித்தியாசம்?

ப: கண்ணகி சிலையை 2001-ல் எடுத்து 2006-ல் திரும்ப வைத்தார்களே, அது ஆர்டபிள்யூ. மதுரை எரிந்தது எரிந்ததுதான், அது ஆர். எழுதிப் பழக ஆர்டபிள்யூ வாங்குங்கள், அழித்து அழித்து எழுதலாம். அப்பாவின் காருக்கு மட்டும் ஆர். ஆர்டபிள்யூ-வில் வெளிச்சம் மங்கலாகத்தான் திரும்பும், பழைய பிளேயர்கள் திணறும். எழுதிய தட்டைக் கடல் பார்த்த ஜன்னலில் வெயிலில் வைக்காதீர்கள். உள்ளே இருப்பது சாயம், வெளுக்கும். மேல்புறத்தில் பால்பாயிண்ட் பேனாவும் கூடாது. பாட்டு இருப்பது அந்தப் பக்கத்து மெல்லிய பூச்சுக்குக் கீழேதான்.

கே: எல்லாம் சரி. தட்டு வெளியே வரமாட்டேன் என்கிறது!

ப: ஏதாவது ஒரு விண்டோ அதைத் திறந்து வைத்திருக்கும். மூடிவிட்டு டெர்மினலில் 'எஜெக்ட்' என்று ஆங்கிலத்தில் அடியுங்கள். மசியாவிட்டால் கணினியை அணைத்துவிட்டு ரைட்டரின் முகத்தில் இருக்கும் ஊசித்துளையில் நிமிர்த்திய ஜெம் கிளிப்பை மெல்ல விடுங்கள். அப்பா பார்க்காத நேரமாக இருந்தால் நல்லது.