சின்ன எழுத்தைப் படி, மாப்ள

மாப்ள, நீ பாக்குற பங்குச்சந்தை சேனலை நான் குத்தம் சொல்லல. தெனம் காலையில நிஃப்டி முகத்துல முழிக்கிற பையன், ராசிபலன் முகத்துல முழிக்கிற பையனைவிட மேல்தான். ராசிபலன் பாக்குறவனுக்குச் செலவு கம்மி, அவ்ளோதான் வித்தியாசம். ஆனா பாக்குறதைப் பாக்கத் தெரிஞ்சு பாரு. உன் மாமன் தோல் ஷாப்பு மேஸ்திரி, இங்கிலீஷை எழுத்துக் கூட்டித்தான் படிப்பான். அப்படிப் படிக்கிறவனுக்கு ஒரு விஷயம் சீக்கிரமே தெரிஞ்சுபோவும். திரையில பெரிய எழுத்து நின்னு நிதானமா காத்துகினு கீது. சின்ன எழுத்து ஓடிப்போவுது. நமக்கு வேண்டியது, பாழாப்போனது, அந்த ஓடுறதுலதான் கீது.

அந்தத் திரையில இன்னா இன்னா கீதுன்னு ஒரு தரம் எண்ணிப் பாத்தியா? மூலையில முத்திரை, அதுக்கு 'பக்'னு பேரு. நடுவுல ஆறு தலை, ஆறும் ஒரே நேரத்துல பேசும். தலைங்க கழுத்தாண்ட ஒரு பட்டை, அதை நியூஸ் ரூம்ல 'ஆஸ்டன்'னு சொல்வாங்க. எழுத்து போடுற மெஷின் பண்ண ஒரு இங்கிலாந்து கம்பெனியோட பேராம். அதுக்குக் கீழ பச்சையும் சிவப்புமா பங்கு விலை ஓடும். அதுக்கும் கீழ செய்தி ஓடும். திடீர்னு எல்லாம் சேர்ந்து ஓரமா ஒதுங்கி, இடப்பக்கமும் அடியிலயும் சிமெண்ட் விளம்பரம் வந்து குந்திக்கும். இதுக்கு 'எல் பேண்ட்'. ஒரு மணி நேரத்துக்கு 12 நிமிஷத்துக்கு மேல விளம்பரம் போடக் கூடாதுன்னு கேபிள் டிவி விதி ஒண்ணு கீது. நிகழ்ச்சியை நிறுத்தாம பக்கத்துலயே சிமெண்ட் விக்கிற வித்தையை யார் கண்டுபிடிச்சானோ, அவன் நம்ம ஊர்ல பொறந்திருந்தா நகராட்சித் தலைவராயிருப்பான்.

சரி, கேளு. 2025 பிப்ரவரி 1 ஞாபகம் கீதா? சனிக்கிழமை. பட்ஜெட்டுக்குன்னே லீவு நாள்ல பங்குச்சந்தையைத் திறந்து வெச்சாங்க. நீயும் லீவு போட்டுட்டு குந்தியிருந்த. '12 லட்சம் வரை வருமான வரி இல்லை'ன்னு திரை கொள்ளாம எழுத்து வந்துச்சு. எழுந்து நின்னு கை தட்டின. உன் சம்பளத்துக்கு முந்தாநாளும் வரி கிடையாது, அன்னிக்கும் கிடையாது. எதுக்குத் தட்டினன்னு இன்னிய வரைக்கும் நான் கேக்கல, கேக்கவும் மாட்டேன்.

அதே பேச்சுல நம்ம பெல்ட்டுக்கு மூணு சங்கதி இருந்துச்சு. வெளிநாட்டுலேருந்து வர்ற, பாதி பதம் பண்ண வெட் புளூ தோலுக்கு 10 சதவீதமா இருந்த இறக்குமதி வரி அடியோட போச்சு. கடைசி மெருகு மட்டும் போடாத கிரஸ்ட் தோலை வெளிய அனுப்புனா கட்டவேண்டிய 20 சதவீத ஏற்றுமதி வரியும் போச்சு. தோல், காலணித் தொழிலுக்குத் தனித் திட்டம், 22 லட்சம் பேருக்கு வேலை, 4 லட்சம் கோடி வியாபாரம், 1.1 லட்சம் கோடிக்கு மேல ஏற்றுமதின்னு நிதியமைச்சர் வாயாலயே சொன்னாங்க. ராணிப்பேட்டை, விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடின்னு பாலாத்தங்கரை பூரா பேச வேண்டிய சேதி. வெட் புளூவை வாங்கி முடிச்சுத் தர்ற ஷாப்புக்காரனுக்குக் கொண்டாட்டம். கிரஸ்ட் கப்பல் ஏறிட்டா இங்க ஷூவுக்குத் தோல் விலை ஏறுமேன்னு கம்பெனிக்காரனுக்கு வயித்துல புளி. நீயோ ஷூ கம்பெனி சூப்பர்வைசர். இதெல்லாம் எங்க வந்துச்சு? அடியில, ஒரே வரியா, ரெயில்வே பங்குக்கும் மருந்து வரிக்கும் நடுவுல ஓடிச்சு. நீ அப்போ மேல கீற ஆறு தலையில எந்தத் தலை ஜெயிக்குதுன்னு பாத்துகினு இருந்த.

பெரிய எழுத்து எப்பவும் பொய்னு சொல்லல. அமெரிக்காக்காரன் நம்ம சரக்குக்கு 50 சதவீத வரி போட்டது 2025 ஆகஸ்ட் 27-லேருந்து. அதைப் பெருசாத்தான் போட்டாங்க. ஆனா அன்னிக்கு விநாயகர் சதுர்த்தி, மும்பையில சந்தை லீவு. பச்சையும் சிவப்பும் முந்தின நாள் விலையிலயே நின்னுடுச்சு. ஆறு தலையும் நாளைக்கு நிஃப்டி எத்தனை புள்ளி இறங்கும்னு பேசிச்சு. ஆம்பூர் ஷூ கம்பெனி வேன் அடுத்த மாசம் எத்தனை பொண்ணுங்களை ஏத்திகினு வரும்னு ஒரு தலையும் பேசல. அவங்களைத் திட்டிப் பிரயோஜனமில்ல. நிஃப்டிக்கு நம்பர் கீது, திரையில ஓட விடலாம். வேன்ல காலியா கீற சீட்டுக்கு நம்பர் போட யார் கீறாங்க?

அவங்க காலண்டர் மும்பைக் காலண்டர், அதை முதல்ல புரிஞ்சுக்கோ. 2025-ல நமக்கு தீபாவளி அக்டோபர் 20, திங்கக்கிழமை. எண்ணெய் தேச்சுக் குளிச்சு, கறிக்கொழம்பு கொதிக்கிற நேரத்துல சந்தை ஜோரா நடந்துச்சு. நீ புதுச்சட்டையில மஞ்சள் காயாம போனை நோண்டிகினு இருந்த. அவங்களுக்கு லட்சுமி பூஜை மறுநாள். மதியம் 1.45-லேருந்து 2.45 வரைக்கும் முகூர்த்த வியாபாரம்னு தொகுப்பாளருங்க எல்லாம் பட்டு கட்டிகினு வந்தாங்க. திரை ஓரமெல்லாம் அகல் விளக்கு படம். நம்ம வீட்டுல அன்னிக்கு மீந்த அதிரசம். அதே வருஷம் பொங்கலன்னிக்கும் சந்தை உண்டு, மகாராஷ்டிரா நாளுக்கு லீவு. குறையா சொல்லல, கடை எந்த ஊர்ல கீதோ அந்த ஊர் லீவுதான் கடைக்கு. நீதான் பொங்கப் பானையை விட்டுட்டு ஓடினவன்.

நாளு பூரா அட்டவணை எப்படிப் போவுதுன்னும் பாரு. விடிஞ்சா டோக்கியோ, ஹாங்காங். கிஃப்ட் நிஃப்டின்னு ஒண்ணு காட்டுவாங்க. 2023 ஜூலை வரைக்கும் அது சிங்கப்பூர்ல ஓடிச்சு, இப்போ குஜராத்துல. 9 மணிக்கு முன்னோட்டம், 9.15-க்கு மணி, 3.30-க்குக் கடை மூடு. அதுக்கு முன்னாடியே லண்டன் திறந்துடும். ராத்திரி ஏழு மணிக்கு நியூயார்க், குளிர்காலத்துல எட்டு, அவன் வருஷத்துக்கு ரெண்டு தரம் கடிகாரத்தைத் திருப்புவான். சிஎன்பிசிக்காரன் சிங்கப்பூர்ல ஒரு கூடம், லண்டன்ல ஒண்ணு, அமெரிக்காவுல ஒண்ணு வெச்சு, சூரியன் போற பக்கமா ஒருத்தன் கையிலேருந்து ஒருத்தன் வாங்கிக்குறான். உலகத்துல எங்கயாவது ஒரு சந்தை திறந்தே கீது. தூக்கம் வேண்டியது உனக்கு மட்டும்தான்.

பாஷை கதை இன்னும் வேடிக்கை. 1999-ல இந்தியாவுக்குன்னு இங்கிலீஷ்ல சிஎன்பிசி வந்துச்சு. 2005-ல இந்தியில ஆவாஸ். 2014-ல குஜராத்தியில பஜார். தமிழுக்கு? அந்த வீட்டுல நமக்குன்னு ஒரு அறை இன்னிய வரைக்கும் இல்ல. சென்னையில 1937-லேருந்து ஒரு பங்குச்சந்தை இருந்துச்சு, அதுவும் 2015-ல மூடிகினு போச்சு. தென்னாட்டுல முதல் ரயிலு 1856 ஜூலை 1-ஆம் தேதி ராயபுரத்துலேருந்து நேரா நம்ம வாலாஜா ரோட்டுக்குத்தான் வந்துச்சு மாப்ள. வெள்ளைக்காரனுக்கு வாலாஜா வழி தெரிஞ்சுது. இவங்களுக்கு இன்னும் ஆம்பூர்னா பிரியாணி.

இதுவும் புதுசில்ல. 1982-ல தூர்தர்ஷன் தேசிய ஒளிபரப்பு தொடங்கினப்போவே எங்களுக்குப் பழகிப்போச்சு. தமிழ் நிகழ்ச்சி ஓடிகினே இருக்கும், நேரம் வந்ததும் டில்லி புடுங்கிக்கும். நாங்க எழுந்து சாப்பிடப் போவோம். நீ எழுந்தும் போவறதில்ல.

விளம்பரத்துக்கு மட்டும் நம்ம ஊரு அட்ரஸு கரெக்டா தெரியும், அதைக் கவனிச்சியா? ஒரே சேனல், ஒரே நேரம், ஆனா ஊருக்கு ஊர் வேற விளம்பரம் போடலாம். பெங்களூர்ல 2008-ல ஆரம்பிச்ச அமாகின்னு ஒரு கம்பெனி இதைத்தான் தொழிலாவே பண்ணிச்சு. மும்பையிலேருந்து வர்ற ஒளிபரப்புக்குள்ள கண்ணுக்குத் தெரியாத அடையாளம் ஒண்ணு இருக்கும். கேபிள்காரன் இடத்துல கீற பெட்டி அதைப் பாத்ததும் தேசிய விளம்பரத்தை எடுத்துட்டு உள்ளூர் விளம்பரத்தைச் சொருவிடும். சேலையும் நகையும் ஊருக்கு ஏத்த மாதிரி வரும். சேதி மட்டும் வராது.

இப்போ படத்துக்கு வா. சென்செக்ஸ் ஆயிரம் புள்ளி சரிவுன்னு சிவப்புல போட்டாங்கன்னா உன் மூஞ்சி செத்துப்போவுது. எண்பதாயிரத்துல ஆயிரம்னா ஒண்ணேகால் சதவீதம். நாலாயிரமா இருந்த 1992-ல ஆயிரம் போயிருந்தா அது கால்வாசி, அதுக்கு அழுவலாம். சதவீதத்தையும் போடுவாங்க, எங்க? பக்கத்துல, பிராக்கெட்டுக்குள்ள, சின்னதா. கோட்டுப் படமும் அப்படித்தான். பூஜ்யத்துலேருந்து ஆரம்பிக்க மாட்டாங்க. எண்பதாயிரத்துல அடியை வெச்சு எண்பத்தோராயிரத்துல முடியை வெச்சா, தரையில கீற சின்ன மேடு ஏலகிரி மலைச் சரிவு மாதிரி தெரியும். கோட்டுக்கு ஓரமா கீற நம்பரைப் படி, சரிவு தன்னால சமதரையாவும்.

சிவப்பைப் பாத்து பயப்படறதும் பழக்க தோஷம். தைவான்ல, ஜப்பான்ல, சீனாவுல சிவப்புன்னா விலை ஏறுதுன்னு அர்த்தம். செய்யாறு பக்கம் ஷூ பண்ற தைவான்காரனை உன் பக்கத்துல குந்த வெச்சா, நீ அழுவுற நேரத்துல அவன் சிரிப்பான்.

'லைவ்'னு மூலையில போடறாங்களே, அதையும் சொல்லிடறேன். மும்பையிலேருந்து கிளம்பின படம் 36,000 கிலோமீட்டர் மேல போய் செயற்கைக்கோளைத் தொட்டுட்டு இறங்கணும். அதுக்குக் கால் நொடி. அதைச் சுருக்கி, அனுப்பி, உன் செட்டாப் பாக்ஸ் விரிச்சுக் காட்டறதுக்குள்ள இன்னும் சில நொடி. சந்தைக் கட்டிடத்துலயே கம்ப்யூட்டரை வெச்சுகினு கீறவன் அதுக்குள்ள வாங்கி, வித்து, டீ குடிச்சிருப்பான். அவன் வித்ததைத்தான் நீ பச்சையா பாத்து வாங்குற. 2024 செப்டம்பர்ல, சந்தையைக் கண்காணிக்கிற செபி கணக்கு போட்டுச்சு. மூணு வருஷத்துல எஃப் அண்ட் ஓன்னு முன்பேர வியாபாரம் ஆடின தனிநபருங்கள்ள 93 சதவீதம் பேருக்கு நஷ்டம், சராசரியா ஆளுக்கு ரெண்டு லட்சம், மொத்தம் 1.8 லட்சம் கோடிக்கு மேல. மீதி ஏழு பேர்ல நீ ஒருத்தன்னு உன் அம்மாகிட்ட சொல்லி வெச்சிருக்க. இருக்கட்டும், நான் காட்டிக் குடுக்கல.

எல்லாத்தையும்விடச் சின்ன எழுத்து ஒண்ணு கீது, அதை நீ ஒரு நாளும் படிச்சிருக்க மாட்ட. வாங்கு, வில்லுன்னு சொல்ற நிபுணர் அந்தப் பங்கைத் தானே வெச்சிருந்தா அதைச் சொல்லணும், 2014-லயே செபி விதி போட்டிருக்கு. அது எறும்பு எழுத்துல வந்து போவும். 2024 பிப்ரவரியில செபி ஒரு இடைக்கால உத்தரவு போட்டுச்சு. வணிகச் சேனல்ல வந்த விருந்தினருங்க, டிவியில சொல்லப்போற பங்கை முன்கூட்டியே சில பேருக்குச் சொல்லிட்டாங்க, அவங்க முன்னாடியே வாங்கி வெச்சுகினு, உன்ன மாதிரி ஆளுங்க ஓடி வந்ததும் வித்துட்டாங்கன்னு அதுல குற்றச்சாட்டு. 7.41 கோடி ரூபாயை முடக்கினாங்க. அந்தத் துட்டு ஆகாசத்துலேருந்து விழல மாப்ள. காலையில சோத்துத் தட்டோட குந்திகினு, பெரிய எழுத்தைப் படிச்சவன் துட்டு.

அதனால சட்டப்படி நானும் சொல்லிடணும். இந்த யோசனை சொல்றவர் செபியில பதிவு பண்ணல. இந்த விஷயத்துல அவருக்குச் சொந்த ஆதாயமும் உண்டு. மணி ஏழரை ஆவுது, நியூயார்க் திறந்துடுச்சுன்னு நீ குந்திட்ட. உன் அத்தை சீரியலுக்கு ரிமோட் கேட்டு அனுப்பியிருக்கா. வாங்கிகினு போவலன்னா எனக்கு ராத்திரி சோறு இல்ல. குடு இப்படி.