கடல் செய்வது எப்படி

ரீஃப் டேங்க் என்பது உப்பு நீர், பாறை, பவளம், சில மீன்கள் ஆகியவற்றைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, தாம் இன்னும் கடலில்தான் இருக்கிறோம் என்று அவற்றை நம்பவைக்கும் ஏற்பாடு. மீன்கள் பெரும்பாலும் நம்பிவிடுகின்றன. வீட்டுக்கு வருகிறவர்கள்தான் நம்புவதில்லை. தொட்டியின் முன் இரண்டு நிமிடம் நின்றுவிட்டு, "பீச் இதோ இருக்கு. நாலு கேன் மொண்டுட்டு வந்தா ஆச்சு. இதுக்குப் போய் காசு குடுத்து உப்பு வாங்குவாங்களா?" என்பார்கள். சென்னையில் ரீஃப் டேங்க் வைத்தவர் எவரும் இந்தக் கேள்விக்குத் தப்பியதில்லை. கடைசியாக இது கேட்கப்பட்டது சென்ற ஞாயிறு மாலை, திருவான்மியூரில், காபி டம்ளரும் கையுமாக நின்ற ஒரு பெரியப்பாவால். இதற்கான விடை உரிய இடத்தில் தரப்படும். தொட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தால் பி.பி. குறையும், மனம் அமைதியடையும் என்று கடைக்காரர்கள் சொல்வதும் அதற்குரிய இடத்தில் விளக்கப்படும்.

இந்தக் கலையின் தொடக்கங்களில் ஒன்று லண்டனில் நிகழ்ந்தது. 1846-ல் டார்க்கீ கடற்கரையில் கற்பவளங்களைப் பார்த்து மயங்கிய ஆனா தைன் என்ற சீமாட்டி, அவற்றில் சிலவற்றை ஜாடியில் போட்டு லண்டன் வீட்டுக்குக் கொண்டுவந்தார். நீரில் காற்று கலக்காவிட்டால் பவளம் பிழைக்காது. எனவே திறந்த ஜன்னலருகே நின்று, ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு நீரை மாற்றி மாற்றி ஊற்ற ஏற்பாடானது. தினமும் அரை மணி நேரத்துக்கு மேல். ஊற்றியவர் வீட்டு வேலைக்காரப் பெண். ஆக, உலகின் ஆரம்பகாலப் பவளத் தொட்டி ஒன்றுக்கு மோட்டாராக இருந்தவர் அவர்தான். அதனால் அவருக்கு மன அமைதி கிடைத்ததா என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

அடுத்த பெயர் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங். வடிகட்டும் கருவிகள் எதுவும் வேண்டாம், கடலிலிருந்து எடுத்த, நுண்ணுயிர்கள் குடியிருக்கும் உயிர்ப்பாறையும் காற்றுக் குமிழியும் போதும் என்று 1961-ல் ஓர் அமெரிக்க மீன் வளர்ப்பு இதழில் எழுதி, எல்லோரையும் வியக்கவைத்தவர். அவர் தம் தொட்டிகளில் கடலில் மொண்ட நீரையே ஊற்றினார். இந்தத் தகவலைப் பெரியப்பாக்களிடம் சொல்லக் கூடாது.

முதலில் தொட்டி. நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் உள்ள தொட்டி சுமார் 255 லிட்டர் கொள்ளும். உப்பு நீர் லிட்டருக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேலேயே எடை உள்ளது. கண்ணாடி, பாறை, ஸ்டாண்டு எல்லாம் சேர்த்தால் மூன்றரைக் குவிண்டாலை எட்டும். இதைச் சுவரோரமாக, கீழே பீம் ஓடும் இடம் பார்த்து வைக்க வேண்டும். ஹவுஸ் ஓனர் கேட்டால் 'சின்ன மீன் தொட்டிதான் சார்' என்பது மரபு. வாஸ்துப்படி வடகிழக்கு மூலை உத்தமம் என்பர். அந்த மூலையில் ப்ளக் பாயிண்ட் இருக்காது.

இரண்டாவது தண்ணீர். இங்குதான் பொருளை ஊன்றிக் கவனிக்க வேண்டும்.

குழாய் நீரில் குளோரின் இருக்கும். போர் நீரில் சிலிக்கேட்டும் நைட்ரேட்டும் இருக்கும். அளவோடு இருந்தால் மனிதர் குடிக்க இவை தடையில்லை. பவளத்துக்கு ஆகாது, பாசிக்கோ விருந்து. எனவே நீரை முதலில் ஆர்.ஓ. சவ்வு வழியாகவும், பிறகு டி.ஐ. ரெசின் வழியாகவும் செலுத்தி, டி.டி.எஸ். மீட்டர் பூஜ்யம் காட்டும்வரை சுத்தம் செய்கிறார்கள். ஒரு லிட்டர் நல்ல நீர் கிடைக்க ஏறக்குறைய மூன்று லிட்டர் கழிவாக வெளியேறும். ரீஃப் டேங்க் உள்ள வீட்டில் துடைக்காத தரையும் கழுவாத ஸ்கூட்டரும் இருப்பதில்லை.

இந்தக் குழாய் நீர் எங்கிருந்து வருகிறது? 2010-ல் மீஞ்சூரிலும், 2013-ல் நெம்மேலியிலும் கடல் நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் தொடங்கப்பட்டன. ஒவ்வொன்றும் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தரும் திறன் கொண்டது. கடல் நீரை உள்ளிழுத்து, கடும் அழுத்தத்தில் சவ்வுகளின் ஊடே தள்ளி, உப்பை அங்கேயே விட்டுவிட்டு நல்ல நீரை மட்டும் அனுப்புகிறார்கள். நெம்மேலி நீர் தென்சென்னைக்கு வருகிறது; திருவான்மியூருக்கும் வருகிறது. அரசு கோடிக்கணக்கில் செலவழித்து உப்பு நீக்கி அனுப்பிய அந்த நீரை வளர்ப்பவர் வாளியில் பிடிக்கிறார். மிச்சம்மீதியையும் தம் செலவில் நீக்குகிறார். பிறகு அதில் உப்பைக் கொட்டிக் கலக்குகிறார். கடலாக இருந்தது குடிநீராகி, குடிநீர் ஒன்றுமில்லாத நீராகி, ஒன்றுமில்லாத நீர் மறுபடி கடலாகிறது. இவ்வளவும் அலைச் சத்தம் கேட்கும் தூரத்தில். தொட்டி நீரில் ஒரு பங்கை அவ்வப்போது மாற்ற வேண்டும் என்பதால், செய்த கடலில் ஒரு பகுதி பாத்ரூமில் ஊற்றப்பட்டு, சாக்கடை, சுத்திகரிப்பு நிலையம் என்று ஊரெல்லாம் சுற்றி, கடைசியில் கடலுக்கே போகிறது. நெம்மேலி மறுபடி உள்ளிழுக்கிறது.

கொட்டப்படும் உப்பு சாம்பாருக்குப் போடும் உப்பு அல்ல. அளத்தில் சோடியம் குளோரைடு படிகமானதும், மக்னீசியம் மிகுந்த கசப்பு நீரை வடித்துவிடுவார்கள். சாம்பாருக்கு அதுதான் நல்லது. பவளத்துக்கோ வடித்துவிட்ட மக்னீசியமும் வேண்டும். கால்சியமும் கார்பனேட்டும் வேண்டும். லிட்டருக்குக் கால்சியம் 400 மில்லிகிராமுக்கு மேலும், மக்னீசியம் 1,300 மில்லிகிராம் அளவிலும் நிற்க வேண்டும். இவையெல்லாம் அளந்து சேர்த்த உப்பு வெளிநாட்டிலிருந்து வாளியில் வருகிறது. மேலே சொன்ன தொட்டிக்கு முதல் தடவை ஒன்பது கிலோவுக்குக் குறையாமல் பிடிக்கும். 1930-ல் ஒரு பிடி உப்பை அள்ள ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யம் வரை நடந்து, சிறைக்கும் போனார். தூத்துக்குடி அளங்களில் இன்றும் உப்பு மலை மலையாகக் குவிந்து கிடக்கிறது. அந்த மாநிலத்தில் உப்பு வாளிக்கு கூரியர் டிராக்கிங் நம்பர் வருகிறது.

உப்பு சரியாகக் கலந்ததா என்று பார்க்க ரிஃப்ராக்டோமீட்டர் உண்டு. சாய்வான கண்ணாடிப் பரப்பில் இரண்டு சொட்டு நீர் விட்டு, மூடியைக் காற்றுக் குமிழி சிக்காமல் மெல்லச் சாய்த்து, டியூப் லைட்டை நோக்கிப் பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்க்க வேண்டும். மேலே நீலம், கீழே வெள்ளை. இரண்டும் சந்திக்கும் கோடு 35-ல் நிற்க வேண்டும். 33-ல் நின்றால் இன்னும் உப்பு. 37-ல் நின்றால் இன்னும் நீர். லுங்கியோடு நடு ஹாலில் டியூப் லைட்டை உற்றுப் பார்த்து நிற்பவரிடம் மனைவி எதுவும் கேட்பதில்லை. கேட்ட காலம் ஒன்று இருந்தது.

இனி, பெரியப்பாவுக்கு விடை. கரையோர நீரில் மணலும் வண்டலும் கலந்திருக்கும். படகு டீசல் மிதக்கும். கூவமும் அடையாறும் கடலில் சேரும் இடங்களின் சிறப்பைச் சொல்ல வேண்டியதில்லை. வடகிழக்குப் பருவமழையில் ஆற்று நீர் கலந்து உப்பின் அளவு இறங்கிவிடும். நீரோடு வரும் நுண்ணுயிர்கள் கேனுக்குள்ளேயே செத்து அழுகத் தொடங்கும். 255 லிட்டர் என்றால் இருபது லிட்டர் கேன் பதின்மூன்று. மணலில் தூக்கி, ஸ்கூட்டரில் வைத்து, மூன்று மாடி ஏற்ற வேண்டும். ஏற்றித் தருவதாகப் பெரியப்பா சொல்லவில்லை. அதே சமயம், கடல்மீன் ஆராய்ச்சி நிலையங்கள் கடல் நீரை இறைத்து, மணல் வடிகட்டியில் விட்டுத்தான் பயன்படுத்துகின்றன. சுத்தமான கரையும், ஆழத்தில் நீர் எடுக்கும் வசதியும் இருந்தால் கடல் நீரைவிடச் சிறந்த கடல் நீர் கிடையாது. அதாவது பெரியப்பா சொன்னது முழுத் தப்பில்லை. எரிச்சலே அங்குதான். இவ்விளக்கம் வண்டலைத் தாண்டும் முன்பே கேட்டவர் டி.வி. பக்கம் திரும்பியிருப்பார்.

நீரைப் பற்றி இன்னொன்று. ஆவியாகிப் போவது நீர் மட்டுமே. உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். எனவே மட்டம் இறங்கும்போது நல்ல நீரைத்தான் ஊற்ற வேண்டும். உப்பு நீரை அல்ல. இதை வீட்டில் உள்ளவர்களுக்கு விளக்குவதும் மேற்படி விளக்கத்தின் கதிக்கே ஆளாகும். போதாக்குறைக்கு, தெறித்த உப்பு ஒயர், மூடி, சுவர் என்று வெள்ளையாகப் பூத்து ஏறிக்கொண்டே போகும்.

மூன்றாவது பாறை. முன்பு கடலிலிருந்தே உயிர்ப்பாறை எடுத்தார்கள். இந்தியக் கடலில் பவளத்தை எடுப்பது இன்று குற்றம்; பாறை அமைக்கும் பவளங்கள் 2001-லேயே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. ராமேஸ்வரம் போகிற உறவினரிடம் 'ஒரு துண்டு எடுத்துட்டு வாங்க' என்று சொல்வது ஜாமீன் ஏற்பாட்டோடு செய்யவேண்டிய காரியம். ஆகவே காய்ந்த செயற்கைப் பாறையை அடுக்கி, அதில் பாக்டீரியா குடியேறக் காத்திருக்கிறார்கள். ஒரு வகை பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக்கும். இதற்கு நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை மீன் விடக் கூடாது. வாரக்கணக்கில் வெறும் கல்லையும் நீரையும் விளக்குப் போட்டுப் பார்ப்பது இக்கலையின் முக்கியக் கட்டம். சோதனைக் குழாயில் சொட்டு மருந்து விட்டு, வந்த நிறம் மஞ்சளா பச்சையா என்று அட்டையோடு ஒப்பிட வேண்டும். குடும்பத்தில் எந்த இருவரும் ஒரே நிறத்தைச் சொன்னதில்லை.

பாக்டீரியாவை அடுத்துப் பாசி வரும். முதலில் பாறையெல்லாம் பழுப்பு டயாட்டம் படியும். பிறகு பச்சை முடிப்பாசி. சில வீடுகளில் சிவப்புப் படலம். இது எல்லாத் தொட்டிக்கும் வருவது, தானாகப் போய்விடும் என்று கடைக்காரர் சொல்வார். போகவைக்கும் மருந்து ஒன்றையும் விற்பார். மன அமைதி பற்றி இவ்விடத்தில் எழுதுவதாக இருந்தது. பாசி அடங்கிய பின் எழுதுவதே பொருத்தம்.

நான்காவது கருவிகள். ஸ்கிம்மர் நுரை எழுப்பி நீரிலுள்ள கழிவைப் பிரிக்கும். அதன் கோப்பையில் இரண்டாம் நாள் கெட்டி டிகாக்ஷன் நிறத்தில் ஒரு திரவம் சேரும். மூடியைத் திறந்தால் வாடை சமையலறை வரை போகும். நல்ல ஸ்கிம்மருக்கு அதுவே அடையாளம் என்பதால், வளர்ப்பவர் அதை முகர்ந்து பார்த்து மகிழ்கிறார். வேவ்மேக்கர் அலை உண்டாக்கும். நீல விளக்கு பவளத்தை ஒளிரவைக்கும். ஹாலில் உள்ள மற்ற அனைவரையும் நோயாளி போலக் காட்டும். சில்லர் நீரை 26 டிகிரியில் வைக்கும். வெப்பம் ஓரிரு டிகிரி கூடி, அப்படியே சில வாரம் நின்றாலே பவளம் தன் திசுவில் குடியிருந்து உணவு தயாரித்துத் தரும் நுண்பாசியை வெளியேற்றி வெளுத்துவிடும். 2016-ல் மன்னார் வளைகுடாவிலேயே அப்படி நடந்தது. சில்லர் நீரிலிருந்து எடுக்கும் சூட்டை ஹாலில் விடுகிறது. கத்திரி வெயிலில் மீனுக்கு 26 டிகிரி, குடும்பத்துக்கு ஃபேன். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் மின்கட்டணம் அடுத்த ஸ்லாபுக்கு ஏறும்போது, தொட்டியை யாரும் பார்ப்பதில்லை, வளர்ப்பவரைத்தான் பார்க்கிறார்கள். மின்வாரியத்தின் பராமரிப்பு நிறுத்தம் காலை ஒன்பது மணிக்குத் தொடங்கும் நாட்களில், பேட்டரி ஏர் பம்ப் இல்லாத வீட்டில் ஆனா தைனின் முறைக்குத் திரும்ப வேண்டியதுதான். வேலைக்காரர் இதற்கு ஒப்புக்கொள்வதில்லை.

ஐந்தாவது மீன். முதல் மீனாக ஆரஞ்சும் வெள்ளையுமான கோமாளி மீனே உகந்தது. பண்ணையிலேயே குஞ்சு பொரிக்கவைக்கும் முறையை நம் ஆராய்ச்சி நிலையங்கள் கண்டுவிட்டதால், கடலில் பிடிக்க வேண்டியதில்லை. பிறக்கும்போது எல்லாம் ஆண். ஜோடியில் வலுத்தது பெண்ணாகிவிடும். 2003-ல் வந்த ஒரு படத்துக்குப் பிறகு இதற்குச் சொந்தப் பெயர் போய்விட்டது. எல்லாக் குழந்தைகளும் 'நீமோ' என்றே கூப்பிடும், உடனே 'டோரி எங்க?' என்றும் கேட்கும். டோரி எனப்படும் நீல மீன் ஓர் அடி நீளம் வளரும், நாலடித் தொட்டி அதற்குப் போதாது என்று குழந்தையிடம் சொன்னால் அழும். கொளத்தூர்க் கடையில் அதன் இரண்டு அங்குலக் குட்டியைப் பார்த்த பெரியவர்களுக்கும் இது புரிவதில்லை. புதிய மீனைத் தனித் தொட்டியில் சில வாரம் வைத்துப் பார்த்த பிறகே விட வேண்டும். வெண்புள்ளி நோய் உள்ளே வந்துவிட்டால், அதற்கான தாமிர மருந்தைப் பிரதான தொட்டியில் ஊற்ற முடியாது. மீன் பிழைக்கும், பவளமும் இறாலும் செத்துவிடும்.

ஆறாவதும் கடைசியும், ஊருக்குப் போவது. ரீஃப் டேங்க் உள்ளவர் கல்யாணத்துக்குத் தாலி கட்டும் நேரத்துக்கு வந்து, பந்தியில் உட்கார்ந்து, மாலை ரயிலில் திரும்புவார். தவிர்க்க முடியாமல் நான்கு நாள் தங்க நேர்ந்தால் பக்கத்து வீட்டு மாமியிடம் சாவி கொடுக்க வேண்டும். தினமும் ஒரு சிட்டிகைக்கு மேல் தீனி போடக் கூடாது என்று எழுதி, அடிக்கோடிட்டு, தொட்டியிலேயே ஒட்ட வேண்டும். ஒவ்வொரு நாளின் தீனியையும் தனித்தனிப் பொட்டலமாக மடித்துக் கொடுப்பது அதைவிட நல்லது. தீனி டப்பாவைப் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியைக் கையோடு எடுத்துப் போவது எல்லாவற்றிலும் நல்லது. திரும்பி வந்ததும் மாமி சாவியை நீட்டி, "பாவம், கண்ணாடிகிட்ட வந்து வந்து பாத்துதுப்பா. நாலு பொட்டலத்தையும் மொத நாளே போட்டுட்டேன். அப்புறம் தினம் ரெண்டு பருக்கை தயிர் சாதம்" என்பார். அதற்கு மேல் செய்ய வேண்டியவை மேலே இரண்டாவது தலைப்பில், நீர் மாற்றும் இடத்தில் சொல்லப்பட்டுள்ளன.