எல்லாம் தெரிந்த ரிமோட்

டிவியோடு ஒரு சின்னக் கணினியை இணைத்து, சேர்த்து வைத்த படங்களையும் பாட்டுகளையும் அதில் போட்டுப் பார்க்கிற வீடுகளில் ஏர் மவுஸ் ரிமோட் என்று ஒன்று இருக்கும். முன்பக்கம் ரிமோட், பின்பக்கம் முழு ஆங்கில கீபோர்டு, உள்ளே கையசைவைப் படிக்கும் உணரி. கை அசைந்தால் திரையில் அம்புக்குறி நகரும். வாங்கிய பலரும் சில நாளில் அதைத் திட்ட ஆரம்பித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. உள்ளங்கையில் அடங்கும் ஒரு பொருளுக்குள் இத்தனை திறமையை அடைத்து வைத்திருப்பதைப் பாராட்டாமல் இருக்க முடியாது. அந்தத் திறமைகளை ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாலே போதும்.

அதன் நுண்ணுணர்விலிருந்து தொடங்கலாம். உள்ளே இருக்கும் ஜைரோஸ்கோப் சில்லில், சிலிக்கானில் செதுக்கிய மிகச் சிறிய எடை ஒன்று ஓயாமல் அதிர்ந்துகொண்டிருக்கிறது. ரிமோட்டைத் திருப்பும்போது கோரியாலிஸ் விசை அந்த எடையைக் குறுக்கே தள்ளுகிறது. அந்தத் தள்ளலை அளந்து, கை எந்தப் பக்கம் எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்று சில்லு சொல்லிவிடும். கையைப் பற்றி எதையும் அது மறைப்பதில்லை. எழுபதைத் தாண்டிய கை நடுங்கினால் அந்த நடுக்கத்தையும் அப்படியே திரையில் எழுதிக் காட்டும். என் அம்மா ரிமோட்டை நீட்டினால் அம்புக்குறி வேண்டிய படத்தின் மேல் நிற்காமல் இரண்டு பக்கமும் அல்லாடும். சரியான இடத்துக்கு வந்த நேரம் பார்த்து ஓகே அமுக்கினால், விரல் அமுக்குவதால் வரும் அசைவையும் விடாமல் கணக்கில் சேர்த்து, பக்கத்துப் படத்தைத் திறந்து கொடுக்கும். பழைய டிவி ரிமோட் அம்மாவின் கையை இவ்வளவு கூர்ந்து கவனித்ததே கிடையாது. பட்டன் அமுங்கியதா இல்லையா என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும்.

யாரையும் சாராமல் இயங்குவது இதன் இன்னொரு பெருமை. நின்டெண்டோ 2006-ல் வெளியிட்ட வீ விளையாட்டுக் கருவியின் ரிமோட்டுக்கு டிவியின் மேலோ கீழோ ஒரு பட்டை வைக்க வேண்டியிருந்தது. அந்தப் பட்டையில் எரியும் அகச்சிவப்பு விளக்குகளைத் தன் முனையிலுள்ள கேமராவால் பார்த்துத்தான், தான் திரையின் எந்த இடத்தை நோக்கி நீட்டப்பட்டிருக்கிறோம் என்று அது தெரிந்துகொள்ளும். ஏர் மவுஸுக்கு அப்படி ஒரு துணை தேவையில்லை. திரை எந்தத் திசையில் இருக்கிறது என்பதே அதற்குத் தெரியாது. கை எவ்வளவு திரும்பியது என்று மட்டும் கணக்கு வைத்துக்கொள்ளும். அம்புக்குறி திரையின் ஓரத்தில் முட்டி நின்ற பிறகும் கை இன்னும் கொஞ்சம் போயிருந்தால், திரும்பி வரும்போது அம்புக்குறி நடுத்திரையிலும் ரிமோட்டின் மூக்கு சமையலறைக் கதவைப் பார்த்தும் இருக்கும். ஜைரோஸ்கோப்புக்கு அசையாதபோதும் லேசாகத் திரும்புவது போலத் தோன்றும் இயல்பு உண்டு. வெப்பநிலை மாறினால் அந்த அளவும் மாறும். அதனால்தான் சில நேரம் யாரும் தொடாமலே அம்புக்குறி மெல்ல ஒரு பக்கம் நகர்ந்து போகிறது. சமமான மேசையில் சற்று நேரம் அசையாமல் வைத்தால் பெரும்பாலான மாடல்கள் தங்களைத் தாங்களே சரிசெய்துகொள்ளும். கையில் பிடித்துக்கொள்ளச் செய்த பொருள், கையை விட்டு இறங்கியதும் சரியாகிவிடுகிறது.

ரிமோட் கண்டுபிடித்த காலத்தை நினைத்தால் நாம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பது தெரியும். அமெரிக்காவின் ஜெனித் நிறுவனம் 1955-ல் ஃபிளாஷ்மேட்டிக் என்ற கம்பியில்லா ரிமோட்டைக் கொண்டுவந்தது. யூஜின் பாலி செய்தது. டிவியின் மூலைகளில் ஒளியைப் பாய்ச்சினால் வேலை செய்யும். வெயில் பட்டாலும் வேலை செய்துவிடும் என்பதுதான் சிக்கல். அடுத்த ஆண்டே ராபர்ட் ஆட்லர் வேறு வழி கண்டார். பட்டனை அமுக்கினால் உள்ளே ஒரு சின்னச் சுத்தி அலுமினியக் கம்பியைத் தட்டும். மனிதக் காதுக்கு எட்டாத அந்த ஓசையை டிவி கேட்டுக்கொள்ளும். பெயர் ஸ்பேஸ் கமாண்ட். நான்கே பட்டன், நான்கே கம்பி. சேனல் மேலே, சேனல் கீழே, ஒலியை நிறுத்த ஒன்று, டிவியைப் போட்டு அணைக்க ஒன்று. பேட்டரியே கிடையாது. பேட்டரி தீர்ந்தால் வாடிக்கையாளர் டிவியே கெட்டுப்போனதாக நினைத்துக்கொள்வார் என்று விற்பனைக்காரர்கள் அன்று கவலைப்பட்டிருக்கிறார்கள். ஏர் மவுஸ் செய்பவர்களுக்கு அந்தக் கவலை இல்லை. பேட்டரி இறங்கும் நிலையில் அம்புக்குறி விட்டு விட்டு ஓடும்போது, பார்ப்பவர் டிவி, கணினி, மென்பொருள், கேபிள் எல்லாவற்றையும் சோதித்த பிறகு கடைசியாகத்தான் ரிமோட்டைச் சந்தேகிப்பார். அவ்வளவு மரியாதையை அது சம்பாதித்திருக்கிறது.

ஆனால் அதன் முழுப் பெருமையும் பின்பக்கத்து கீபோர்டில் இருக்கிறது. எங்கள் வீட்டில் டிவியின் பின்னால் இருப்பது ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினி. அதில் ஓடுவது கோடி என்னும் மென்பொருள். எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுப் பெட்டியில் படம் பார்க்க ஆர்வலர்கள் எழுதி, எக்ஸ்பிஎம்சி என்ற பெயரில் வளர்ந்து, 2014-ல் கோடி என்று பெயர் மாறியது. சோபாவில் உட்கார்ந்து எட்ட இருந்து பார்ப்பவருக்காகவே அதை வடிவமைத்தார்கள். பெரிய எழுத்து, நேர் வரிசை. மேலே, கீழே, இடம், வலம், ஓகே, பின்னே போ என்ற ஆறு பட்டன் இருந்தால் வீட்டிலுள்ள எல்லாப் படத்துக்கும் போய்விடலாம். மேசைக் கணினியில் பயன்படுத்துவோர் வசதிக்காக ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு வேலையும் கொடுத்து வைத்திருக்கிறார்கள். எக்ஸ் எழுத்தை அமுக்கினால் ஓடும் படம் நின்று மூடிவிடும். டி என்றால் சப்டைட்டில் வரும், போகும். இசட் அமுக்கினால் படம் அகண்டு குறுகும். எஸ் அமுக்கினால் பெட்டியை அணைக்கும் பட்டியலே வந்து நிற்கும்.

இப்படிப்பட்ட எழுத்துகள் எல்லாவற்றையும், படம் பார்ப்பவர் விரல்கள் இயல்பாகப் போய்ப் பதியும் இடத்தில் ஏர் மவுஸ் கொண்டுவந்து வைத்திருக்கிறது. அம்மா ஒரு மாலை ‘தில்லானா மோகனாம்பாள்’ பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் யாரோ கூப்பிட, படத்தை நிறுத்தி வைக்க ரிமோட்டை எடுத்தார். கட்டைவிரல் முன்பக்கம் பட்டனைத் தேட, மற்ற நான்கு விரலும் பின்பக்கம் அழுந்தின. முதலில் திரையில் சப்டைட்டில் வந்தது. பிறகு படம் மூடிக்கொண்டு பட்டியல் வந்தது. அம்மா ரிமோட்டைத் திருப்பிப் பார்த்தார், மறுபடி திருப்பினார். “ஏண்டா, ஓடிட்டிருந்த படம் எங்கடா போச்சு?” நான் போய் மறுபடி படத்தைத் திறந்தேன். விட்ட இடத்திலிருந்து தொடரவா, முதலிலிருந்து போடவா என்று கோடி ஆங்கிலத்தில் கேட்டது. அம்மா அதற்குள், “நீ வேலையப் பாருப்பா, எனக்கு இது வராது” என்று எழுந்து போய்விட்டார். ஐம்பது வருடம் அடுக்களையும் கணக்கு வழக்கும் பார்த்த மனுஷி அவர். அவரைக்கொண்டே ‘எனக்கு வராது’ என்று சொல்லவைக்கும் ஆற்றல் இதற்கு முன் எங்கள் வீட்டுக்கு வந்த எந்தப் பொருளுக்கும் இருந்ததில்லை.

எந்தப் பக்கம் மேலே இருக்கிறது என்பதைப் புவியீர்ப்பை வைத்துக் கண்டுபிடித்து, கீழ்ப்பக்கத்து விசைகளைத் தானே பூட்டிக்கொள்ளும் மாடல்களும் உண்டு. உட்கார்ந்து பார்ப்பவருக்கு அது நல்ல காவல். மல்லாந்து படுத்துக்கொண்டு முகத்துக்கு மேலே ரிமோட்டைப் பிடிப்பவருக்குப் பார்க்கிற பக்கம்தான் கீழ்ப்பக்கம். அங்கேயும் அது தன் கடமையிலிருந்து தவறாது.

தடைகளை மதிக்காத துணிச்சலும் அதற்கு உண்டு. டிவி ரிமோட்டின் அகச்சிவப்பு ஒளிக்கு நடுவில் ஒரு ஆள் நின்றால் போதும், வேலை நின்றுவிடும். ஏர் மவுஸ் 2.4 கிகாஹெர்ட்ஸ் வானலையில் பேசுவதால் கணினியை அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினாலும் கேட்கும். அந்த வானலையைப் பிடிக்கக் கணினியில் செருகும் அதன் டாங்கிளுக்கு ஒத்துவராத அண்டை ஒன்றுதான், யுஎஸ்பி 3.0. அந்தத் துளையில் தரவு பாயும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் இரைச்சல் கிளம்பும் என்று இன்டெல் 2012-லேயே விளக்கி எழுதிவிட்டது. படங்கள் இருக்கும் ஹார்டு டிஸ்க் அந்தத் துளையில்தான் செருகப்பட்டிருக்கும். டாங்கிள் அதற்கு ஒட்டினாற்போல் பக்கத்துத் துளையில் இருக்கும். படம் ஓடாதபோது ரிமோட் நன்றாக வேலை செய்யும். படம் ஓடி, டிஸ்க் சுறுசுறுப்பானதும் பட்டன்கள் தவறத் தொடங்கும். ஒரு முழ நீள யுஎஸ்பி நீட்டிப்புக் கேபிளில் டாங்கிளைத் தள்ளி வைத்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். அந்தக் கேபிளை ரிமோட்டோடு கொடுக்க வேண்டும் என்று விற்பவர்களுக்குத் தோன்றுவதில்லை.

டிவியைப் போடும் விஷயத்தில் அது காட்டும் அடக்கத்தையும் சொல்ல வேண்டும். டாங்கிள் இருப்பது கணினியில். ஆகவே டிவியைப் போடவோ டிவியின் ஒலியைக் கூட்டவோ அதற்கு வழி கிடையாது. இதற்காகச் சில மாடல்களில் டிவி ரிமோட்டைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் அகச்சிவப்புப் பட்டன் வைத்திருக்கிறார்கள். இரண்டு ரிமோட்டையும் நேருக்கு நேர் வைத்து, விளக்கு மினுங்கும்போது டிவி ரிமோட்டின் பவர் பட்டனை அமுக்கினால் அந்த ஒன்றைக் கற்றுக்கொள்ளும். பல மாடல்களில் அந்த ஒரு பட்டனோடு படிப்பு முடிந்துவிடும். எனவே டிவி ரிமோட் சோபாவிலேயே இருக்கிறது, சவுண்ட்பார் ரிமோட்டும் இருக்கிறது. இருந்த யாரையும் வெளியேற்றாமல் கூட இன்னொன்றாக வந்து உட்கார்ந்துகொண்டது.

தேடித்தரும் உதவியைப் பார்க்கலாம். வீட்டில் நூற்றுக்கணக்கான தமிழ்ப் படங்கள். விசைகளில் தமிழ் எழுத்து கிடையாது. படத்தின் பெயரை ஆங்கில எழுத்தில், அதுவும் அந்தப் படத்தைப் பட்டியலிட்டவர் எழுதிய அதே எழுத்துக்கூட்டலில் தட்ட வேண்டும். ‘தில்லானா’வுக்கு டி மட்டுமா, பக்கத்தில் எச்சும் உண்டா என்று யோசித்து, அரிசி அளவு விசைகளைக் கட்டைவிரலால் தேடி அமுக்கி, நிமிர்ந்து திரையைப் பார்த்தால் ஒரு எழுத்து விட்டிருக்கும். ‘பில்லா’ என்று தட்டினால் 1980-ல் ரஜினி நடித்ததும் வரும், 2007-ல் அஜித் நடித்ததும் வரும். அங்கிருந்து எப்படியும் அம்பு பட்டன்தான். இதைவிடக் கைபேசியில் கோர் என்னும் கோடியின் சொந்தச் செயலியைப் போட்டுக்கொண்டு தட்டுவது எளிது. எழுத்தும் கண்ணும் ஒரே இடத்தில் இருக்கின்றன.

எல்லாவற்றையும்விட அதனிடம் நான் மெச்சுவது, அதன் திறமைகளை ஒவ்வொன்றாக நிறுத்திவைக்க வழி இருப்பது. அம்புக்குறியை நிறுத்தப் பல மாடல்களில் தனிப் பட்டனே உண்டு. கோடியின் அமைப்புகளில் மவுஸ், தொடுதிரை ஆதரவை எடுத்துவிட்டால் கை எப்படி நடுங்கினாலும் திரையில் ஒன்றும் நகராது. விசைகளின் வேலையை மாற்ற ஒரு கோப்பு எழுதினால் எக்ஸ், எஸ், இசட் எல்லாவற்றையும் ஊமையாக்கலாம். நான் இவை மூன்றையும் செய்தேன். அதற்குப் பிறகு அம்மாவின் கையில் அது மிக நல்ல ரிமோட்டாக, அம்பு பட்டனும் ஓகேயும் மட்டும் உள்ள ரிமோட்டாக இருந்தது.

அப்படி ஒன்று டிவியோடு இலவசமாகவே வந்திருந்தது. எச்டிஎம்ஐ கேபிளுக்குள் சிஇசி என்று ஒரு தனிக் கம்பி ஓடுகிறது. டிவி ரிமோட்டின் அமுக்கலை அதன் வழியே டிவியே கணினிக்குச் சொல்லிவிடும். சாம்சங் இதை எனிநெட் பிளஸ் என்கிறது, எல்ஜி சிம்ப்ளிங்க் என்கிறது, சோனி பிராவியா சிங்க் என்கிறது. டிவியின் அமைப்புகளில் இதை இயக்கினால் போதும். ராஸ்பெர்ரி பையில் வேறு எதுவும் வாங்காமலே வேலை செய்கிறது. சாதாரண மேசைக் கணினிகளில் பெரும்பாலும் தனி அடாப்டர் வேண்டும். அம்மா இப்போது டிவி ரிமோட்டாலேயே படத்தைத் தேர்ந்தெடுக்கிறார், நிறுத்துகிறார், மறுபடி ஓடவிடுகிறார். யாரையும் கூப்பிடுவதில்லை.

ஏர் மவுஸுக்கான வேலையும் இருக்கத்தான் செய்கிறது. வைஃபை கடவுச்சொல்லை மாற்றினாலோ, மெமரி கார்டு போய் எல்லாவற்றையும் புதிதாக நிறுவ நேர்ந்தாலோ அதன் கீபோர்டுக்கு நிகர் இல்லை. நடுவில் எப்போதாவதுதான் அப்படி ஒரு நாள் வரும் என்பதால், பேட்டரி இரண்டையும் கழற்றியே வைத்திருக்கிறேன். உள்ளேயே விட்டால் கசிந்து தகட்டை அரித்துவிடும்.